மாவுக்கட்டோடு மண்டபத்தில்

மே 21, 2024

கணுக்காலில் மாவுக்கட்டு. ஒரு மாதம் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில், சித்தி வீட்டில்தான். காலையில் காபி கொண்டுவந்த பிள்ளை யாரென்று கேட்டேன். "பாம்பன் பக்கம். லீவுக்குத் துணைக்கு வந்திருக்கா. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான்" என்றார் சித்தி. வயது 12, ஆறாவது முடித்திருக்கிறாள். சித்தியின் பேத்திக்கும் அதே வயது, அதே வகுப்பு. பேத்தி எழுந்தபோது மணி ஒன்பதரை. அதற்குள் இவள் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, தண்ணி வண்டியில் ஆறு குடம் பிடித்துவிட்டாள்.

மே 24

நாட்டுப்படகு மீன் வந்தது. அந்தப் பிள்ளை அரிவாள்மனையில் உட்கார்ந்து சீலா, நகரை, ஊளி என்று சொல்லிக்கொண்டே அரிந்தாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பெயர்களைத் தன் விடுமுறைப் பாட நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நடுத்துண்டெல்லாம் மேசைக்கு வந்தது. அடுப்படியில் அவளுக்குத் தலையும் வாலும். "அவளுக்குத் தலைதான் பிடிக்கும்" என்றார் சித்தி. இருக்கலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

மே 30

இன்று கொஞ்சம் பேசினாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில். அம்மா கருவாடு காயப்போடப் போவாள்; மீன் வரத்து குறைந்தால் அதுவும் இல்லை. அரசு தரும் 8,000 ரூபாய் பழைய கடனுக்கே சரியாகிவிடுமாம். சித்தி முன்பணமாக 3,000 கொடுத்திருக்கிறார்.

14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாதென்று 2006 அக்டோபரிலேயே தடை வந்தாயிற்று. சித்தி ஓய்வுபெற்ற ஆசிரியை, தெரியாமலா இருக்கும்? இரவு மெல்லப் பேச்செடுத்தேன்.

"இங்க மூணு வேளை சாப்பிடுறா. அங்க?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் போட்ட தோசையைத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 10

பள்ளி திறந்தாயிற்று. பேத்தியின் ஷூவுக்கு பாலிஷ் போட்டது இவள்தான். வேன் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எப்போ போகப்போறே?"

"போட்டு கடலுக்குப் போகட்டும்க்கா. அப்புறம்தான்."

ஜூன் 15

தடைக்காலம் முடிந்தது. விடிந்ததிலிருந்து மாடியில் நின்று காற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கச்சான் காத்து பலமா அடிக்குதுக்கா" என்றாள். தன் துணிகளை மடித்து ஒரு கட்டைப்பையில் வைத்திருந்தாள்.

மதியம் சித்தி என்னிடம்தான் சொன்னார், அவளுக்கும் கேட்கிற மாதிரி: "உனக்குக் கட்டுப் பிரிக்கிறவரைக்கும் இவ இருக்கட்டும். நீ எப்படித் தனியா எந்திரிப்பே?"

அவள் என் காலைப் பார்த்தாள்.

"எப்பக்கா பிரிப்பாங்க?"