ஒரு சட்டைக்கு ஒரு மாற்றம்

ரெடிமேட் சட்டை வாங்குவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. பின்னால் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. 40 அளவு எடுத்தால் நடுப் பொத்தான் வயிற்றில் இழுக்கும். 42 எடுத்தால் தோள் கீழே இறங்கிவிடும். என் உடம்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடைக்காரர்களுக்கு அந்த இடம் கண்ணில் படவே இல்லை.

துணி வாங்கித் தைத்துக்கொள்வது என்று முடிவானதும் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு புதுச் சட்டையிலும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கடைசியாகத் தைத்ததுதான் அடுத்ததற்கு அளவுச் சட்டை. எதை மாற்றினேன், பத்துச் சலவைக்குப் பிறகு அது எப்படி இருக்கிறது என்று ஒரு சிறிய நோட்டில் குறித்து வைக்கிறேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மதுரையில் துணிக்குப் பஞ்சமில்லை. விளக்குத்தூண் பக்கம் போனால் பாலியஸ்டர் கலந்த சட்டைத்துணி மலிவாகக் கிடைக்கும், கசங்காது, சாயமும் போகாது. ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்று பாருங்கள். நான் மேல மாசி வீதி காதி கடைக்குத்தான் போகிறேன். 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்த கட்டடம் அது. சட்டையையும் தொப்பியையும் துறந்து முழத்துண்டுக்கு அவர் மாறியது அங்கேதான். ஒருவர் சட்டையே வேண்டாம் என்று முடிவெடுத்த இடத்தில் நின்று நான் காலருக்குத் துணி போதுமா என்று அளந்து பார்ப்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

36 அங்குல அகலத் துணியென்றால் எனக்கு அரைக்கைச் சட்டைக்கு இரண்டேகால் மீட்டர் வேண்டும். கட்டம் போட்ட துணியானால் இன்னொரு கால் மீட்டர் கூடுதலாக வாங்குவேன். சட்டைப்பையின் கட்டமும் அதன் பின்னாலிருக்கும் மார்புத் துணியின் கட்டமும் ஒரே கோட்டில் விழ வேண்டும். இடது முன்பக்கமும் வலது முன்பக்கமும் பொத்தான் பட்டியில் சந்திக்கும் இடத்திலும் அப்படியே. அதற்கு வெட்டும்போது துணி வீணாகும். நன்றாகப் பொருந்திவிட்டால் பை இருப்பதே தெரியாது. தள்ளி நின்று பார்ப்பவர் கவனிக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் பொருந்தாத சட்டையைப் போட்டால் நாள் முழுக்க நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் தையற்காரர் பல ஆண்டுகள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தவர். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் இடம் மாறினார். துணியை நீட்டியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “நனைத்துக் கொண்டுவந்தீர்களா தம்பி?” காதி நீளவாட்டில் சுருங்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, மடிப்பு நீக்கித்தான் கொடுக்க வேண்டும். நீலம், அடர் சிவப்பு போன்ற நிறங்களில் முதல் தண்ணீர் கலங்கி வரும். அவற்றைத் தனி வாளியில் போடுகிறேன்.

நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருப்பது காலர். கடைச் சட்டைகளில் காலர் விறைப்பாக நிற்க உள்ளே பசை ஒட்டிய கேன்வாஸ் வைத்து இஸ்திரியால் அழுத்துவார்கள். மில் துணியில் அது சரி. காதியில் மேல்துணி ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் சுருங்க, உள்ளே இருப்பது அப்படியே நிற்க, காலர் அப்பளம் போலக் கொப்பளிக்கிறது. பசையே வேண்டாம், அதே துணியில் இன்னொரு மடிப்பை உள்ளே வைத்துத் தையுங்கள் என்றேன். “தொங்கிப் போகும் அண்ணே” என்று அங்கே வேலை பார்க்கும் பையன் எச்சரித்தான். தொங்கவில்லை, கழுத்தில் படிந்து உட்கார்ந்தது. அடுத்த சட்டையில் காலர் நுனியை அரை அங்குலம் குறைத்தோம். அதோடு காலர் விவகாரம் முடிந்தது.

தோள் தையல் எலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீளம்தான் எனக்குப் பெரிய மாற்றமாக அமைந்தது. நான் சட்டையை உள்ளே விட்டுக் கட்டுவதில்லை. ஆகவே 30 அங்குலத்தை 28 ஆக்கி, அடி வளைவை எடுத்துவிட்டு நேராக வெட்டி, இரு பக்கமும் சிறு திறப்பு வைத்தோம். வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் அதே சட்டை பொருந்துகிறது. பேன்ட்டைப் பற்றி எழுத எதுவுமில்லை. ஒரே கடையில் ஒரே கருஞ்சாம்பல் நிறம்.

நிறங்கள் தாமாகவே குறைந்தன. வெளிர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் மடித்தபடியே கிடந்தன, தம்பிக்குப் போய்விட்டன. நீலம், செங்கல் நிறம், சாயமேற்றாத பழுப்பு வெள்ளை இவைதான் மாறி மாறித் துவைத்துக் கொடியேறுகின்றன. கசங்கல் பற்றிய கவலையும் போய்விட்டது. ஈரம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மதியம் வரை தாங்கும். அதற்குப் பிறகு கசங்கியிருப்பதுதான் காதிக்கு அழகு என்பது என் கட்சி. அலுவலகத்தில் இதற்கு ஆதரவு குறைவு.

இப்போது கையிலிருக்கும் கேள்வி முழுக்கை. மடித்துவிட்டால் முழங்கைக்குக் கீழே கனமாக உருள்கிறது. அடுத்த சட்டையில் கைப்பட்டியை ஒல்லியாக வைத்துப் பார்க்கப் போகிறேன். காந்தி ஜெயந்தித் தள்ளுபடி வந்ததும் துணி எடுக்க வேண்டும். இந்த முறை கட்டம் வேண்டாம் என்று தையற்காரர் இப்போதே சொல்லிவிட்டார்.