கடைமடைக்கு வராத சத்தம்

“இதைச் சோதித்துப் பார்க்க ஆகும் செலவில் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமே” என்றார் கடைக்காரர். நான் கொண்டுபோன ரிசீவரின், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக உள்ள பெட்டியின், மூடியைக்கூடத் திறக்கவில்லை. பழைய மின்சாமான்களைக் கொண்டுபோய்ப் போடும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி, பணிவாக என் கையில் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. மன்னார்குடியில் ஒரு மெக்கானிக் இப்படிச் சொன்னால் மறுநாள் அவர் கடைப்பக்கம் ஈ காக்கை வராது.

ரிசீவர் தெருவில் கிடைத்ததுதான். நான் இருக்கும் ஜெர்மனியின் கொலோனில் வீடு காலி செய்கிறவர்கள் வேண்டாத சாமானை ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். எழுபதுகளின் ஜப்பான் சரக்கு. பக்கத்துக்கு ஒரு மரப்பலகை, முகப்பு முழுக்க அலுமினியக் குமிழ்கள். பதினைந்து கிலோவாவது இருக்கும். கணவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்தார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. சில நொடிகளில் உள்ளே ‘டக்’கென்று ரிலே, அதாவது ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் தானியங்கி சுவிட்ச், விழுகிறது. எஃப்.எம். திருப்பினால் சிக்னல் முள் ஏறுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தம் வராத பெட்டி இந்த ஊருக்குப் பொருத்தம்தான். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை யாரும் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க அப்படித்தான், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தேங்காய் சட்னிக்கு மிக்ஸி போடும்போது அதன் மேல் துண்டைப் போர்த்தி அரைத்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு அதே இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடைதான். மார்கழியில் எங்கள் ஊர் பிள்ளையார் கோயில் குழாய்க்கு அந்தச் சங்கதி யாரும் சொல்லவில்லை. நாலரைக்கே ஆரம்பித்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் அதை எத்தனை திட்டியிருப்பேன்! அந்தக் குழாயைக் கட்டியவர் என் சித்தப்பா என்பதால் வெளியே திட்டவும் முடியாது.

சித்தப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் மைக்செட் வைத்திருந்தார். காதுகுத்து, தீமிதி, வளைகாப்பு, எதுவானாலும் முதல் நாளே தென்னை மரத்தில் குழாய் ஏறிவிடும். ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றிச் சுருட்டுவது பள்ளிக்கூட விடுமுறையில் என் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மரமெல்லாம் சாய்ந்தபோது குழாய்களும் போயின. மிஞ்சியது ஜெனரேட்டர் மட்டும். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஊரே அதில்தான் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் தொழிலுக்குத் திரும்பவில்லை.

கடைக்காரர் கொடுத்த தாளைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“சாப்ட்டியாம்மா?” முதல் கேள்வி. “என்ன கொழம்பு?” இரண்டாவது. அப்புறம்தான் ரிசீவர்.

ஹெட்போன் செருகியிருந்தால் சில பெட்டிகளில் ஸ்பீக்கர் ஓடாது, பாரு என்றார். இல்லை. ஸ்பீக்கர் ஏ, பி பட்டனில் ஏ அழுந்தியிருக்கிறதா? இருக்கிறது. டேப் மானிட்டர் பட்டன்? அது வெளியேதான் இருக்கிறது. அது அழுந்தியிருந்தால் ரிசீவர், இல்லாத டேப்பிலிருந்து பாட்டை எதிர்பார்த்துக் காத்திருக்குமாம்.

“சரி, பொட்டிய விடு. ஸ்பீக்கர் ஒயரக் கழட்டு. பேனா பேட்டரி இருக்கா?”

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். ஒயரின் ஒரு முனையை அடியில் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் தலையை லேசாகத் தொட்டேன். ஸ்பீக்கரின் கோன் ஒரு துளி முன்னால் வந்து ‘டொப்’ என்றது. வெறும் ஒன்றரை வோல்ட்தான், இருந்தாலும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. இன்னொரு ஸ்பீக்கரும் ‘டொப்’. பிறகு தேவையில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போதும், போதும். ஸ்பீக்கர் நல்லா இருக்கு. ரிலே விழுது, அதனால பவர்லயும் பெரிசா கோளாறு இல்ல. முள்ளு ஆடுதுன்னா ரேடியோவும் எடுக்குது. கல்லணையில தண்ணி இருக்கு, கடைமடைக்கு வரல. நடுவுல எந்த மதகோ மூடிக் கெடக்கு.”

கடைமடைக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை அப்பா தினமும் மண்வெட்டியோடு மதகடிக்குப் போய்விட்டு வருவார். இங்கே ரைன் நதியிலும் கோடையில் நீர்மட்டம் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் திறக்கும் தேதியை யாரும் பேப்பரில் தேடுவதில்லை. நான் இந்த ஊருக்குப் பழகிவிட்டேன். நீலத் தொட்டியில் காகிதம், பழுப்புத் தொட்டியில் காய்கறித் தோல் என்று கை தானாகப் பிரித்துப் போடுகிறது. ஜூன் பிறந்தால் மட்டும் செல்போனில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

“பின்னாடி காட்டும்மா. இன்னும் கிட்ட. ப்ரீ அவுட்டுன்னு ஒரு ஜோடி ஓட்ட, பக்கத்துல மெயின் இன்னுன்னு ஒரு ஜோடி இருக்கா? ரெண்டையும் சேத்து லாடம் மாதிரி வளைஞ்ச கம்பி இருக்கணுமே?”

இல்லை. வேறு ஆம்ப்ளிஃபயரோ ஈக்வலைசரோ இணைக்க முன்பு யாரோ அந்தக் கம்பிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். முன்பாதி தயாரித்த சத்தம் அந்த ஓட்டை வரை வந்து நின்றுவிடுகிறது. பின்பாதிக்குப் போக வழியே இல்லை.

“கரண்ட்ட நிறுத்திட்டு, பழைய டி.வி.டி. ஒயர் இருந்தா செருகு. செவப்புக்கு செவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. வால்யூமக் கொறச்சு வச்சுட்டு அப்பறம் போடு.”

ஸ்பீக்கர் ஒயர்களையும் திரும்ப மாட்டிவிட்டுப் போட்டேன். ‘டக்’. யாரோ ஜெர்மன் மொழியில் போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேசினார்கள். ஏதோ நெடுஞ்சாலையில் எட்டு கிலோமீட்டருக்கு வண்டி நிற்கிறதாம். அத்தனை இனிமையான செய்தியை நான் இங்கே கேட்டதில்லை.

“கூட்டி வையேன், எனக்கே கேக்கல.”

“மேல் வீட்டுல குழந்தை தூங்கும் சித்தப்பா.”

“அப்ப அத எதுக்கு ரிப்பேர் பாத்த?” என்றார். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. “ஏம்மா, அங்கயும் 230 வோல்ட்டுதான?”

“ஆமா.”

“ரோட்டுல இன்னும் இது மாதிரி வைப்பாங்களா? பொங்கலுக்கு வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வா.”

விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. கணவர் இப்போதே தராசைத் தேடிக்கொண்டிருக்கிறார்.