பச்சை பட்டை வந்துட்டா பாஸ்வேர்ட் ஸ்ட்ராங்கா?

போன வாரம் தங்கச்சி போன் பண்ணி, "அண்ணா, மெயிலுக்கு புது பாஸ்வேர்ட் போட்டேன், அந்த பட்டை ஃபுல்லா பச்சையாகி ஸ்ட்ராங்னு வந்துருச்சு, இனிமே பயமில்லல்ல?"ன்னு கேட்டா. பாஸ்வேர்ட சொல்லாத, எப்படி யோசிச்சு வெச்சேன்னு மட்டும் சொல்லுன்னேன். பையன் பேரு, முதல் எழுத்து கேப்பிட்டல், அப்புறம் ஒரு அட் சிம்பல், கடைசில அவன் பொறந்த வருஷம். எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. அந்த பட்டைய மீட்டர்னு சொல்வாங்க, அது கேக்கற அத்தனையும் அதுல இருக்கு, ஆனா உடைக்கறவன் முதல்ல ட்ரை பண்ணி பாக்கற மாடலும் அதேதான்.

நிறைய சைட்ல இருக்கற மீட்டர் வெறுமனே எண்ணுது. எத்தன எழுத்து, நம்பர் இருக்கா, ஸ்பெஷல் கேரக்டர் இருக்கா, அவ்ளோதான். அத நீங்க எங்கேருந்து எடுத்தீங்கன்னு அதுக்கு தெரியாது, உடைக்கறவனுக்கு தெரியும். 2009-ல ராக்யூங்கற கம்பெனிலேருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட் அப்படியே படிக்கற மாதிரி வெளிய போச்சு, அதுல முதல் இடம் 123456. அது மாதிரி லிஸ்ட்ட வெச்சுதான் ஜனங்க மனசு எப்படி ஓடுதுன்னு கத்துக்கிட்டாங்க, கேப்பிட்டல் முன்னாடி வரும், நம்பர் கடைசில வரும், ஓ எழுத்துக்கு பதிலா சைபர் வரும், இதெல்லாம் இப்ப ஹேஷ்கேட் மாதிரி பாஸ்வேர்ட் உடைக்கற டூல்ல ரூலாவே இருக்கு.

கணக்கு போட்டு பாத்தாதான் இது உறைக்கும். சின்ன எழுத்து மட்டும் வெச்சு 8 எழுத்துன்னா 26-ஐ எட்டு தடவை பெருக்கணும், கிட்டத்தட்ட 20,900 கோடி வருது. பெருசா தெரியுதுல்ல? ஆனா ஒரு சைட்டோட டேட்டாபேஸ் லீக் ஆகி, அவங்க பாஸ்வேர்ட எம்டி5 மாதிரி பழைய ஹேஷ்ல வெச்சிருந்தா (ஹேஷ்னா பாஸ்வேர்ட திரும்ப எடுக்க முடியாதபடி குழப்பி மாத்தி வெக்கறது, உடைக்கறவன் ஒவ்வொண்ணா ஊகிச்சு அதே மாதிரி மாத்தி ஒத்துப்பாப்பான்), கேம் ஆடறதுக்கு வாங்கற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டே வினாடிக்கு 10,000 கோடி தடவை ட்ரை பண்ணும், ரெண்டு வினாடில கதை முடிஞ்சுது. கீபோர்ட்ல இருக்கற 95 கேரக்டரையும் கலந்து 8 எழுத்து போட்டா ஏறக்குறைய 18 மணி நேரம். வெறும் சின்ன எழுத்தே 12 போட்டா 11 நாள், 16 போட்டா 13,000 வருஷத்துக்கு மேல. சிம்பல் சேக்கறத விட நீளம் எவ்ளோ கை கொடுக்குதுன்னு பாருங்க.

ஆனா இந்த கணக்கு எல்லாம் எழுத்த குலுக்கல் மாதிரி எடுத்தா மட்டும்தான் செல்லும். தங்கச்சி வெச்சதுல 1 லட்சம் பேரு, 100 வருஷம், 30 சிம்பல்னு தாராளமா வெச்சாலும் மொத்தம் 30 கோடிதான், அந்த கார்டுக்கு ஒரு வினாடி கூட வேணாம். பிகிரிப்ட், ஆர்கான்2 மாதிரி வேணும்னே மெதுவா ஓடற ஹேஷ் போட்ட சைட்டா இருந்தா வேகம் ஆயிரக்கணக்குக்கு இறங்கிடும், ஆனா எந்த சைட் எத வெச்சிருக்குன்னு நமக்கு வெளியேருந்து தெரியாதே, அதனால மோசமான சைட்டுன்னு நினைச்சுதான் வெக்கணும்.

எல்லா மீட்டரும் மட்டம்னு சொல்லல. ட்ராப்பாக்ஸ்காரங்க 2012-ல ஒண்ணு வெளியிட்டாங்க, கீபோர்ட் கடைசி வரிசை எழுத்தையே அதுக்கு பேரா வெச்சாங்க, அது பேரு, தேதி, அடுத்தடுத்த கீ இதெல்லாம் தேடி மார்க் குறைக்கும். ஆனா அதுக்குள்ள இருக்கற பேரு லிஸ்ட் அமெரிக்க சென்சஸ்லேருந்து எடுத்தது. நம்ம பேரோ, தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிச்சதோ அதுக்கு புரியாத எழுத்துக்கூட்டமா தெரிஞ்சு நல்ல மார்க் போட்டுடலாம். லீக் ஆன லிஸ்ட்ல நம்மாளுங்க பாஸ்வேர்டும்தான் கிடக்கு. பாட்டு முதல் வரிய அடிச்சு வெக்கறதும் இதே கேஸ்தான்.

அப்புறம் மீட்டரால பாக்கவே முடியாத ஒண்ணு, அதே பாஸ்வேர்ட் வேற எங்க இருக்குங்கறது. தங்கச்சி அதையே ஷாப்பிங் சைட்டுக்கும் பேங்க்குக்கும் வெச்சிருந்தா. ஒரு இடத்துல லீக் ஆனா மத்த ரெண்டையும் உடைக்கவே வேணாம், நேரா உள்ள வந்துடலாம். ட்ராய் ஹன்ட்ங்கற செக்யூரிட்டி நிபுணர் நடத்தற ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்ல ஏற்கனவே லீக் ஆனதான்னு பாக்கலாம், பாஸ்வேர்ட் அப்படியே அங்க போகாது, ஹேஷோட முதல் 5 எழுத்து மட்டும்தான் போகும். அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் கூட 2017-லயே சிம்பல் கட்டாயம், குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை மாத்துங்கறத விட்டுட்டு லீக் லிஸ்ட்டோட ஒத்துப்பாருங்கன்னு சொல்லிட்டாங்க, இன்னும் நிறைய சைட் பழையபடியே உயிர வாங்குது.

கடைசில தங்கச்சிய தாயக்கட்டை உருட்ட வெச்சேன், ஆறு பக்கம் இருக்கற சாதாரண கட்டை. டைஸ்வேர்னு ஒரு முறை, 7776 வார்த்தை இருக்கற லிஸ்ட், அஞ்சு தடவை உருட்டினா ஒரு வார்த்தை. ஆறு வார்த்தை எடுத்தா, உடைக்கறவன் கைல அந்த லிஸ்ட் இருந்தாலும் அந்த கார்டுக்கு 70,000 வருஷம் கிட்ட ஆகும். மூணாவது வார்த்தை பிடிக்கல, வேற போட்டுக்கவான்னு கேட்டா, வேணவே வேணாம், நீ பொறுக்க ஆரம்பிச்சா மறுபடியும் உன் மனசுதான் அதுல வரும்னேன். மெயிலுக்கு அத வெச்சு ரெண்டாவது வெரிஃபிகேஷனும் ஆன் பண்ணிட்டா, மத்ததெல்லாம் பாஸ்வேர்ட உருவாக்கி ஞாபகம் வெச்சுக்கற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் பாத்துக்குது. பேப்பர்ல எழுதி பீரோவுல வெச்சிருந்தா, நேத்து அத எடுக்காமலே டைப் பண்ணிட்டேன்னு சொன்னா. என்ன வார்த்தைன்னு சொல்லல, நானும் கேக்கல.