வலது கையில் ஒரு இரும்பு வளையம்

இன்று மதியம் அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில், அதாவது எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்தில், இரண்டு கைகளையும் ஏந்தி ரொட்டி வாங்கும்போது, பரிமாறிய பெரியவரின் வலது மணிக்கட்டைத்தான் பார்த்தேன்.

கடா என்று சீக்கியர்கள் சொல்லும் இரும்பு வளையம். அதன் மேலெல்லாம் கீறல், ஓரம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது.

தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, வெறும் இரும்பு. கை எந்தக் காரியத்துக்கு நீண்டாலும் அது கண்ணில் படும். தப்பான காரியமென்றால் அங்கேயே நிறுத்தத்தான் என்பார்கள் சீக்கியர்கள்.

வெட்டாத முடி, மரச்சீப்பு, கடா, கச்சேரா என்னும் அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்னும் குறுவாள். 1699 வைசாகித் திருநாளன்று பஞ்சாபின் ஆனந்த்பூரில், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கிய குரு கோவிந்த் சிங் தந்த கோலம் இது. அதற்கு 24 வருடம் முன்புதான் அவருடைய அப்பா குரு தேக் பகதூரை டெல்லி சாந்தினி சவுக்கில் முகலாயர்கள் தலையை வெட்டிக் கொன்றிருந்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில், எந்தக் கூட்டத்திலும் ஒளிந்துகொள்ள முடியாத உருவத்தை விரும்பி ஏற்பதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆபத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தலைப்பாகை தூரத்திலேயே தெரியும். நம்பி ஓடி வருவார். கட்டியிருப்பவர் அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா?

1984இல் அதே டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த வன்முறையில், உயிர் பிழைக்க அந்த முடியையே வெட்டிக்கொள்ள நேர்ந்தவர்களை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.