பூசணம் எடுக்க ஆள் பிடித்த கதை

வீட்டுச் சுவரில் படரும் பூசணத்தை எடுக்க ஆள் தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது 'இலவசப் பரிசோதனை' விளம்பரங்கள்தான். நானும் அப்படி ஒருவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். குளியலறையை ஒட்டிய அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புத் திட்டுகள் படர்ந்து, கதவைத் திறந்தாலே மக்கிய வாடை அடித்தது. 10 சதுர அடிக்குள் இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்காரரே சுத்தம் செய்துகொள்ளலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எங்கள் வீட்டில் அது அந்த அளவைத் தாண்டி, சுவரில் அடித்திருந்த ஜிப்சம் பலகைக்கு உள்ளேயும் இறங்கியிருந்தது.

வந்தவர் சுவரைப் பார்த்த கையோடு விலையைச் சொன்னார். பார்ப்பதும் அவரே, எடுப்பதும் அவரே. "இது விஷப் பூசணம், இன்றைக்கே ஆரம்பிக்கணும்" என்று வேறு அவசரப்படுத்தினார். நிறத்தை வைத்து இன்ன வகைப் பூசணம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. அனுப்பிவிட்டேன்.

டெக்சாஸ், நியூயார்க் மாநிலச் சட்டங்களில், ஒரே வேலையில் பரிசோதிப்பவரும் அகற்றுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்றே விதி உண்டு. பல ஊர்களில் இந்தத் தொழிலுக்கு உரிமமே கிடையாது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பிரிவினையை நாமே வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு, எடுப்பதில் லாபம் இருக்கக் கூடாது.

அடுத்து ஆள் தேடியபோது ஒவ்வொருவரிடமும் உரிம எண்ணைக் கேட்டு, உரிமம் வழங்கும் அரசுத் துறையின் பதிவில் தேடிப் பார்த்தேன். பெயர், காலாவதித் தேதி, எந்த வேலைக்கான உரிமம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். காப்பீட்டையும் விடாதீர்கள். ஒப்பந்தக்காரரால் நேரும் சேதத்துக்கு ஈடு தரும் சாதாரணப் பொறுப்புக் காப்பீட்டில் பூசணத்தை விலக்கி வைப்பது சகஜம். "காப்பீடு இருக்கு சார்" என்ற பதிலோடு விடாமல், பூசணத்துக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தனியாக அமர்த்திய பரிசோதகர் பூசணத்தைவிட ஈரத்தைத்தான் தேடினார். தெர்மல் கேமராவில் சுவர் குளிர்ச்சியாகத் தெரிந்த இடங்களை ஈரமானியால் தொட்டு உறுதி செய்தார். ஷவர் குழாயின் இணைப்பில் கசிவு. அறைக் காற்றின் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். கண்ணெதிரே பூசணம் இருக்கும்போது ஆய்வகச் செலவு வீண் என்றார். வீட்டுக் காற்றில் இத்தனை பூசண வித்துகள்தான் இருக்கலாம் என்று அமெரிக்க மத்திய அரசின் வரம்பு எதுவும் இல்லை. மாதிரி எடுத்தாலும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் வரும்.

அவர் எழுதிக் கொடுத்த வேலைத்திட்டம் கொடுத்த காசுக்குத் தகும். எதுவரை பலகையை வெட்டுவது, எப்படித் தடுப்புக் கட்டுவது, எப்போது சுத்தம் என்று ஏற்பது எல்லாம் அதில் இருந்தன. ஒரே தாளை எல்லாரிடமும் கொடுத்து விலை கேட்டதால் ஒப்பிட முடிந்தது. ஒரு நிறுவனம் மருந்துப் புகை அடித்தாலே போதும் என்று மலிவாகச் சொன்னது. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் அது சரிப்படாது.

முதலில் பிளம்பர் கசிவை அடைத்தார். பிறகு வந்தவர்கள் பாலித்தீன் தாளால் அறையை மறைத்து, ஏசி துவாரங்களை ஒட்டி மூடி, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய இயந்திரத்தால் உள்காற்றை வெளியே இழுத்தபடியே வேலை செய்தார்கள். தூசி மற்ற அறைகளுக்குப் பரவாமல் காத்தது, அறைக்குள் இப்படிக் குறைத்து வைத்த காற்றழுத்தம்தான். வெட்டிய பலகையை உள்ளேயே பையில் கட்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

புதுப் பலகை அடிப்பதற்கு முன், தடுப்பைப் பிரிக்காமலே, பரிசோதகர் திரும்ப வந்தார். அடிச்சட்டத்தில் தூசி மிச்சமிருக்கிறது என்று தேர்ச்சி தர மறுத்துவிட்டார். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார்; ஆனால் தேர்ச்சி கிடைத்த பிறகே கடைசித் தவணை, மறுவேலை அவர் செலவில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். மறுபடி சுத்தம் செய்து, கையெழுத்து வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தேன். அந்த வரியை எழுத மாட்டேன் என்ற நிறுவனமும் ஒன்று இருந்தது. விலை குறைவுதான், வேலை கொடுக்கவில்லை.