டொரொண்டோ ஏரிக்கரையில் குளிர்காலப் பறவைகள்: இந்தப் பருவத்துக் குறிப்புகள்

குளிர்காலத்தில் டொரொண்டோவில் பறவைகளைத் தேடுபவர் மரக்காடுகளுக்குள் அலைவதைவிட ஒன்டாரியோ ஏரிக்கரைக்குப் போவதே மேல் என்ற முடிவுக்கு இந்தப் பருவத்தில் வந்திருக்கிறேன். சராசரியாக 86 மீட்டரும் மிக ஆழமான இடத்தில் 244 மீட்டரும் ஆழமுள்ள இந்த ஏரி கோடையின் வெப்பத்தை நெடுநாள் தக்கவைத்துக்கொள்வதால், வடக்கே உள்ள ஏரிகளும் குளங்களும் உறைந்த பிறகும் இதன் பெரும்பகுதி திறந்த நீராகவே இருக்கிறது. ஆர்க்டிக் நிலங்களிலும் வடகாடுகளிலும் குஞ்சு பொரித்த முக்குளிக்கும் வாத்துகள் இங்கே வந்து தங்குவதற்கு அதுவே காரணம்.

ஹம்பர் பே, கர்னல் சாமுவேல் ஸ்மித் பூங்கா, ஸ்கார்பரோவின் பிளஃபர்ஸ் பூங்கா ஆகிய இடங்களில் மாறி மாறிப் பார்த்ததில், முதலில் அடையாளம் பிடிபட்டது நீள்வால் வாத்து. ஆணின் வாலும் வெண்தலையும் தொலைவிலேயே தெரியும். காற்று அடங்கிய காலைகளில் கூட்டம் எழுப்பும் உரத்த குரல் அதற்கு முன்பே காதில் விழும். பஃபிள்ஹெட் வாத்து மிகச் சிறியது. ஆணின் தலையின் பின்பாதியில் பெரிய வெள்ளைத் திட்டு இருக்கும். பொற்கண் வாத்தின் ஆணுக்கோ கண்ணுக்கும் அலகுக்கும் இடையே வட்டமான வெண்புள்ளி. பறக்கும்போது அதன் சிறகுகள் சீழ்க்கை ஒலி எழுப்புகின்றன.

பெயர் தெரிந்துகொள்வதைவிடக் கடினமாக இருந்தது வெளிச்சம். நகரத்தின் கரை பெரும்பாலும் தெற்கு நோக்கியது, குளிர்காலச் சூரியனோ தெற்கே தாழ்வாகவே நகர்கிறது. ஆகவே வெயில் நாள்களில் நீரில் மிதப்பவை எல்லாம் கறுப்பு நிழல்களாகவே பைனாகுலரில் தெரிகின்றன. மேகம் மூடிய நாளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் நீட்டப்பட்ட லெஸ்லி தெருத் திட்டில் நடந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நகரத்தின் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. நடை நெடியதுதான், குளிர்காற்றும் ஓயாது, ஆனாலும் இறகின் நிறங்கள் உண்மையாகத் தெரிவது அங்கேதான்.

எண்ணிக்கை எடுப்பதில் ஒரு முறையைக் கடைப்பிடித்து வருகிறேன். கூட்டத்தில் எப்போதும் சில பறவைகள் நீருக்கடியில் இருப்பதால், ஒரே கூட்டத்தைப் பலமுறை எண்ணி, கிடைத்தவற்றுள் பெரிய எண்ணையே குறித்துக்கொள்கிறேன்.

பிளஃபர்ஸ் பூங்காவில் ட்ரம்பெட்டர் அன்னங்களையும் பார்க்க முடிந்தது. வேட்டையால் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒன்டாரியோவிலிருந்து அற்றுப்போன இந்த அன்னத்தை மீட்கும் பணியை 1982இல் தொடங்கியவர் ஹாரி லம்ஸ்டன். சிறகில் எண்ணிட்ட மஞ்சள் பட்டை அணிந்த பறவைகள் தென்பட்டால், அந்த எண்ணைக் குறித்துத் தெரிவிப்பது அப்பணிக்கு உதவும்.

வீட்டுத் தோட்டத்தில் வைத்த சூரியகாந்தி விதைக்குச் சிக்கடியும் கார்டினலும் தவறாமல் வருகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஏதுமில்லை.

இன்னும் கைவராதது பெரிய ஸ்காப், சிறிய ஸ்காப் என்ற இரு வாத்து இனங்களைப் பிரித்தறிவது. பெரியதன் தலை உருண்டது, சிறியதன் தலை பின்னுச்சியில் சற்று மேடிட்டது. ஆனால் முக்குளிக்கும் வேளையில் அந்த மேடு படிந்துவிடுவதால், பறவை ஓய்ந்து மிதக்கும்போது மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அதற்கு முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியும், கரையில் அசையாது நிற்கும் பொறுமையும் தேவைப்படுகின்றன. வரும் வாரங்களில் ஹம்பர் பேயில் இதையே முயல எண்ணியிருக்கிறேன்.