மூன்று புள்ளி

2025 மே 12, திங்கள்
பள்ளி வாசலில் கைரேகைக் கருவி வந்துவிட்டது. கேமராக்களை எண்ணினேன்: பதினொன்று. கழிப்பறைக்குப் போகும் வழியிலும் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் திருட்டு அதிகமாம், பாதுகாப்புக்குத்தானாம். பிறகு ஏன் நானும் ந.வும் படிக்கட்டில் உட்கார்ந்து என்ன பேசினோம் என்று கூப்பிட்டுக் கேட்டார்கள்? (முழுப்பெயர் இங்கே வராது.)

மே 15, வியாழன்
வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். அதனால் துண்டுச்சீட்டு. "உங்கள் கோயில் எழுத்தைக் கற்றுக்கொடு" என்றாள் ந. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் வருடக்கணக்கில் பட்ட பாட்டை அவள் பத்தே நாளில் தாண்டிவிட்டாள், பொறாமையாக இருக்கிறது. இப்போது அவளுடைய ஜூலு மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். 'ஆமாம்' என்பதற்கான 'யெபோ' சுலபம். நாக்கைச் சொடுக்கும் ஒலிகளுக்குத்தான் நம்மிடம் எழுத்து இல்லை. ஆய்தம் போட்டோம். உண்மைக்கு 'இஃஇனிசோ'. தமிழ் ஐயா பார்த்தால் காதைத் திருகுவார்.

மே 20, செவ்வாய்
சீட்டு சிக்கியது. துணைத் தலைமையாசிரியர் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் பெயர் நல்ல தமிழ்ப் பெயர்! "பிரார்த்தனையா?" என்றார். "ஆமாம் சார்" என்றாள் ந., கண்ணை மூடாத குறை.

ஜூன் 16, திங்கள்
இளைஞர் தின விடுமுறை. 1976இல் இதே நாளில் சொவேட்டோவின் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் அரசின் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. நிறவெறிக் கல்வியை எதிர்த்து நடந்த 1980 வகுப்புப் புறக்கணிப்பில் இங்குள்ள இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளிகளும் சேர்ந்தன. ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, அப்போது வயது பதினாறு.
"எங்களுக்குக் கேமரா கிடையாது. பக்கத்து பெஞ்சுதான் கேமரா" என்றார். யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறாளே, அவள்தான்."
அதற்குமேல் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 18, புதன்
கைரேகைக்குப் பெற்றோர் சம்மதப் படிவம். கருவியை மாட்டி ஒரு மாதம் கழித்து! 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிக் காப்பு தருகிறது என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். படிவத்தில் 'சம்மதம்' என்று ஒரே ஒரு கட்டம். அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.
ந.விடமிருந்து சீட்டு வந்தது: 'உன் வீட்டில்?'
'ஃஆ' என்று எழுதினேன். ஜூலுவில் 'இல்லை'.
அவளும் அதையே எழுதி அனுப்பினாள். நாளை முதல் கையெழுத்துப் போடாதவர்களுக்கு வாசலில் தனி வரிசையாம். இதுவரை இரண்டு பேர்.